மும்பை: ஆறு பேர், அஞ்சு நாள். இந்தப் பிளான் ஓடுமா?

கோவை_பயணி

வணக்கம். ஜனவரி கடைசி வாரம் குடும்பத்தோடு மும்பை. மொத்தம் 6 பேர். ரெண்டு பேர் 65 தாண்டியவர்கள், ஒரு 7 வயசுப் பையன். குர்லா எக்ஸ்பிரஸில் வியாழக்கிழமை இறங்குகிறோம், செவ்வாய் ராத்திரி திரும்பும் வண்டி. ரூம் அந்தேரி கிழக்கில் விலை குறைவாகக் கிடைக்கிறது. போட்டு வைத்திருக்கும் பிளான்:

வெள்ளி: சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ரயில் நிலையம்), கோட்டைப் பகுதி, மெரின் டிரைவ்
சனி: ஹாஜி அலி தர்கா, ஜூஹூ கடற்கரை
ஞாயிறு: லோக்கல் ரயிலில் போரிவலி, கன்ஹேரி குகைகள்
திங்கள்: எலிஃபண்டா தீவுக் குகைகள்
செவ்வாய்: சித்திவிநாயகர், மாட்டுங்காவில் சாப்பாடு, ரயில்

எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்.

ஹார்பர்_லைன்

ரெண்டு நாள் அப்படியே அடிபடுது. எலிஃபண்டாவுக்குத் திங்கள் விடுமுறை. சித்திவிநாயகருக்குச் செவ்வாய்தான் விசேஷம், அன்னைக்கு ஊரே அந்த வரிசையில நிக்கும். பெரியவங்களைக் கூட்டிட்டு அதுல போய் நிக்க வேண்டாம். கோயிலைத் திங்கள் காலைக்கு மாத்துங்க. எலிஃபண்டாவை வெள்ளிக்கே கொண்டு வந்துடுங்க. காத்து பலமா இருந்து படகு நின்னாலும் கையில மாற்று நாள் இருக்கும்.

அடுத்தது ரயில். "குர்லா எக்ஸ்பிரஸ்"னு நாமதான் சொல்றோம், அது நிக்கிறது குர்லா ஸ்டேஷன்ல இல்லை, எல்.டி.டி.ன்ற லோக்மான்ய திலக் டெர்மினஸ்ல. குர்லா லோக்கல் ஸ்டேஷன் அங்கிருந்து தள்ளி இருக்கு. நடந்து போற தூரத்துல இருக்கிறது ஹார்பர் லைன் திலக் நகர். வாசல்லயே ஆட்டோக்காரங்க சூழ்ந்துக்குவாங்க. ஒண்ணு ஞாபகம் வைங்க: பாந்த்ரா, சயானுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியே கிடையாது. கொலாபா வரை விடறேன்னு ஏத்தினா சயான்ல இறக்கி, அங்கே டாக்ஸி பிடிக்கச் சொல்றதுதான் நடக்கும். தெற்கே போறதா இருந்தா ஸ்டேஷன்லயே டாக்ஸி.

கறுப்பு-மஞ்சள் டாக்ஸியை "காலி-பீலி"ன்னுவாங்க. 2025 பிப்ரவரியிலிருந்து முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 31 ரூபாய், ஆட்டோவுக்கு 26. நள்ளிரவு 12லிருந்து காலை 5 வரை மீட்டருக்கு மேல கால் பங்கு சேரும். டாக்ஸியில நாலு பேர்தான். நீங்க ஆறு பேர், அதனால ஒவ்வொரு தடவையும் ரெண்டு டாக்ஸின்னு கணக்குப் போடுங்க, இல்லேன்னா ஆப்புல பெரிய வண்டி.

முக்கியமானது ரூம். இந்த ஊர் முருங்கைக்காய் மாதிரி வடக்கு தெற்கா நீளம், மூணு பக்கம் தண்ணி. கிலோமீட்டரைப் பார்த்துத் தூரத்தை முடிவு பண்ணினா ஏமாந்துடுவீங்க. எந்த லைன், எந்தத் திசை, எத்தனை மணி, இந்த மூணும்தான் கணக்கு. காலை எட்டுலிருந்து பதினொண்ணு வரை கூட்டம் தெற்கே போகும், சாயங்காலம் அஞ்சரைக்கு மேல வடக்கே திரும்பும். நீங்க பார்க்கப்போற இடத்துல பாதிக்கு மேல தெற்கே. அந்தேரியில தங்கினா ரெண்டு வேளையும் கூட்டத்தோடயே போய்க் கூட்டத்தோடயே வரணும். கோட்டை, சி.எஸ்.எம்.டி. பக்கம் ரூம் சின்னதா இருக்கும், வாடகை கூட இருக்கும். ஆனா எங்கே போனாலும் கூட்டத்துக்கு எதிர்த்திசை. நடுவுல வேணும்னா தாதர்.

ஆக்வா_27

மெட்ரோ 3 வந்த பிறகும் அந்தேரி கிழக்கு கூடவே கூடாது என்று சொல்வது பழைய கணக்கு. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை 33.5 கி.மீ., 27 ஸ்டேஷன், 2025 அக்டோபரிலிருந்து முழு நீளமும் ஓடுகிறது. மரோல் நாகா, விமான நிலையம் டி2, பி.கே.சி. (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்), தாதர், சித்திவிநாயக், சி.எஸ்.எம்.டி., ஹுதாத்மா சௌக், சர்ச்கேட் எல்லாம் ஒரே லைனில் வருகின்றன. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான், உச்சக் கட்டணம் 70 ரூபாய். லிஃப்ட், எஸ்கலேட்டர், ஏ.சி. எல்லாம் உண்டு. முழங்கால் வலிக்காரர்களுக்கு லோக்கலை விட இதுதான் சரி.

ஆனால் ரூம் மரோல் நாகாவுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். "அந்தேரி கிழக்கு" என்று விளம்பரத்தில் போட்டிருப்பது சகினாகாவாகவும் இருக்கலாம், சகாலாவாகவும் இருக்கலாம். கடைசி மெட்ரோ இரவு பத்தரை வாக்கில், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹார்பர்_லைன்

மரோல் நாகாவை ஒட்டின்னா ஒத்துக்கறேன். ஆனா இந்த மெட்ரோ சென்ட்ரல் லைன் பக்கம் சி.எஸ்.எம்.டி.யைத் தவிர வேற எங்கேயும் தொடாது. தாதர்ல கூட மெட்ரோ மேற்குப் பக்கம். குர்லா, மாட்டுங்கா, பைகுல்லா எல்லாத்துக்கும் லோக்கல்தான்.

ஸ்லோ_லோக்கல்

லோக்கலைப் பற்றி முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

லைன் மூன்று. வெஸ்டர்ன்: சர்ச்கேட்டிலிருந்து தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவலி, விரார். சென்ட்ரல்: சி.எஸ்.எம்.டி.யிலிருந்து பைகுல்லா, தாதர், குர்லா, தாணே, கல்யாண், அப்புறம் ரெண்டாகப் பிரியும். ஹார்பர்: அதே சி.எஸ்.எம்.டி.யிலிருந்து வடாலா வழியாக ஒரு கிளை பன்வேலுக்கு, இன்னொரு கிளை பாந்த்ரா வழியாக கோரேகாவுக்கு. பெயர்கள் குழப்பும். மும்பை சென்ட்ரல் ஸ்டேஷன் இருப்பது வெஸ்டர்ன் லைனில். பாந்த்ரா டெர்மினஸ் வேறு, பாந்த்ரா லோக்கல் ஸ்டேஷன் வேறு. மாட்டுங்கா சென்ட்ரலில், மாட்டுங்கா ரோடு வெஸ்டர்னில். தண்டவாளம் ஊரைக் கிழக்கு, மேற்கு என்று ரெண்டாக அறுத்துப் போகிறது. தப்புப் பக்கம் இறங்கினால் காலால் ஒரு பாலம் ஏறி இறங்கினால் போதும், வண்டியில் என்றால் அரை மணி போய்விடும். அதனால் எந்த முகவரி கேட்டாலும் கிழக்கா மேற்கா என்று சேர்த்துக் கேளுங்கள்.

தாதரில் பிளாட்பாரம் எண்களை 2023 டிசம்பரில் மாற்றிவிட்டார்கள். 1 முதல் 7 வெஸ்டர்ன், 8 முதல் 14 சென்ட்ரல். பழைய பயணக் குறிப்பில் "சென்ட்ரல் 1ஆம் நம்பர்" என்று இருந்தால் நம்ப வேண்டாம்.

பிளாட்பாரத்தில் தொங்கும் போர்டில் நாலு விஷயம் இருக்கும்: போய்ச்சேரும் ஊர், நேரம், ஃபாஸ்ட்டா ஸ்லோவா, 12 பெட்டியா 15 பெட்டியா. புதிதாக வருபவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து ஏறுவார்கள். மாட்டுங்காவில் இறங்க வேண்டியவர் ஃபாஸ்ட்டில் ஏறினால் தாதருக்கு அடுத்தது குர்லாதான். இன்னொன்று, அந்தேரிக்கோ போரிவலிக்கோ போக சாயங்கால விரார் ஃபாஸ்ட்டில் ஏறாதீர்கள். விரார்க்காரர்கள் கதவை அடைத்து நிற்பார்கள், நடுவில் இறங்க வழி விடமாட்டார்கள். போரிவலி வண்டி, அந்தேரி வண்டி என்று தனித்தனியாக உண்டு.

இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. ரெண்டு ஸ்டேஷன் முன்னாலேயே எழுந்து கதவுப் பக்கம் நகர வேண்டும். முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு "தாதர் உதர்னா ஹை?" (தாதரில் இறங்க வேண்டுமா?) என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவர் பின்னாலேயே நில்லுங்கள், இல்லை என்றால் அவர் இடம் மாறிக்கொள்வார். வண்டி நிற்பது அரை நிமிஷத்துக்கும் குறைவு. அந்த வரிசையில் இல்லாதவர் அடுத்த ஸ்டேஷனில்தான் இறங்குவார். பையை முதுகிலிருந்து கழற்றி மார்பில் மாட்டுங்கள். பெரிய சூட்கேஸோடு உச்ச நேரத்தில் ஏற நினைக்கவே வேண்டாம்.

இரண்டாம் வகுப்பு 5 ரூபாயில் தொடங்குகிறது. ஸ்டேஷனுக்குள் கால் வைக்கும் முன்பே ஆப்பில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பயணம் தொடங்கியாக வேண்டும். ஏ.சி. லோக்கலுக்கு டிக்கெட் தனி, சாதா டிக்கெட்டில் ஏறினால் அபராதம். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி காலியாகத் தெரிகிறதே என்று ஏறினாலும் அபராதம்தான்.

கடைசியாக, ஞாயிறு. பராமரிப்புக்காக மெகா பிளாக் போடுவார்கள், பெரும்பாலும் பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை. ஃபாஸ்ட் வண்டிகளை ஸ்லோ தடத்தில் விடுவார்கள், ஹார்பரில் சில பகுதிகளை நிறுத்தியே விடுவார்கள். எந்த லைனில் என்பது சனிக்கிழமையே செய்தியில் வரும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் போரிவலிப் பயணத்தை அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கல்_கட்டடம்

கோட்டைப் பகுதிக்குத்தான் ஞாயிறு சரி. அலுவலகம் எல்லாம் மூடியிருக்கும், ரோடு காலி, தலை நிமிர்ந்து கட்டடம் பார்க்கலாம். காலை ஏழரைக்கு சி.எஸ்.எம்.டி. எதிர்ப்புறம், மாநகராட்சிக் கட்டடத்துப் பக்கம் நின்று தொடங்குங்கள். ரெண்டையும் வரைந்தவர் ஒருவரே, எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ். ஸ்டேஷன் வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம், மறு பக்கம் புலி: சிங்கம் பிரிட்டன், புலி இந்தியா. சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள், மயில், குரங்கு, இலை, கொடி என்று ஒரு முழம் இடம் விடாமல் கல்லில் இழைத்திருப்பார்கள். வேலைக்கு ஓடுகிற நாளில் அங்கே நின்று பார்த்தால் இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள்.

அங்கிருந்து டி.என். ரோட்டின் வளைவு நடைபாதை வழியாக ஃப்ளோரா ஃபவுண்டன், பிறகு ஓவல் மைதானம். மைதானத்தின் நடுவில் நில்லுங்கள். கிழக்கே உயர் நீதிமன்றம், ராஜாபாய் கோபுரம், பல்கலைக்கழகம், எல்லாம் 19ஆம் நூற்றாண்டு கோதிக், கூர்மாடம். மேற்கே திரும்பினால் 1930களின் ஆர்ட் டெக்கோ வீடுகள்: வளைந்த பால்கனி, ஜன்னல் மேல் கண்ணிமை மாதிரி கான்கிரீட் பட்டை, கப்பல் தளம் போல மொட்டைமாடி. நடுவில் பையன்கள் கிரிக்கெட். இந்த ரெண்டு வரிசைக்கும் சேர்த்து 2018இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது, சி.எஸ்.எம்.டி.க்கு 2004இலேயே.

கலா கோடா பக்கம் சிதிலமாக நிற்கும் எஸ்பிளனேட் மான்ஷன்தான் பழைய வாட்சன்ஸ் ஹோட்டல். இந்தியாவில் முதன்முதலில் திரைப்படம் காட்டியது அங்கேதான், 1896 ஜூலை 7, லூமியர் சகோதரர்களின் படங்கள். வார்ப்பிரும்புச் சட்டத்தில் எழுப்பிய கட்டடம். பரிதாபமான நிலை, இருந்தாலும் பார்க்கத் தகுந்தது.

ஒரு குறை: ஞாயிறு அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடைகளும் பல மூடியிருக்கும். டப்பாவாலாக்களை (வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்ப்பவர்கள்) பார்க்க வேண்டும் என்றால் வேலை நாளில் பதினொன்றேகால் வாக்கில் சர்ச்கேட் வாசலுக்குப் போங்கள். டப்பா மூடியில் வண்ணத்தில் எழுதிய குறியைப் பார்த்து நொடியில் பிரித்து அடுக்குவார்கள். வழியில் மட்டும் நிற்கக் கூடாது.

அலைக்கணக்கு

எலிஃபண்டா, ஹாஜி அலி ரெண்டுக்கும் கடல் கணக்கு வேண்டும். சென்னையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் சொச்சம்தான், அதனால் நமக்கு அது பழக்கமில்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும். ஹாஜி அலி தர்கா கடலுக்குள் இருக்கிறது. போகும் நடைபாதை ஏற்ற நேரத்தில் முழுகிவிடும். தண்ணீர் இறங்கும் வரை உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். நாளுக்கு ரெண்டு ஏற்றம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். 'மும்பை ஹை டைட்' என்று தேடினால் அன்றைய நேரம் கிடைக்கும். ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டுப் போங்கள்.

எலிஃபண்டாவுக்கு கேட்வே ஆஃப் இந்தியாவில் டிக்கெட், படகு சுமார் ஒரு மணி நேரம். காலை ஒன்பது மணிப் படகையே பிடியுங்கள். 2024 டிசம்பர் விபத்துக்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பையனுக்குச் சின்ன அளவு கேட்டு வாங்குங்கள், பெரியதை மாட்டினால் தலை வழியாகக் கழன்றுவிடும். தீவில் இறங்கியதும் துறைமேடை நீளம். குட்டி ரயில் உண்டு. அதன் பிறகு சுமார் 120 படி, ரெண்டு பக்கமும் கடை. முடியாதவர்களுக்கு டோலி இருக்கிறது, கூலியை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். குரங்குகள் பாட்டிலையும் பிளாஸ்டிக் பையையும் பிடுங்கும், கையில் எதுவும் தொங்கவிடாதீர்கள்.

முதல் குகையிலேயே நேரம் செலவிடுங்கள். உள்ளே பின்சுவரில் சதாசிவம், ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரம். கண் இருட்டுக்குப் பழக அஞ்சு நிமிஷம் நின்றால்தான் முகங்கள் பிரியும்: நடுவில் அசையாத தத்புருஷம், நமக்கு இடப்பக்கம் மீசையும் பாம்புமாக அகோரம், வலப்பக்கம் தாமரை ஏந்திய வாமதேவம். மற்ற குகைகள் முடிவு பெறாதவை அல்லது சிதைந்தவை. பெரியவர்கள் முதல் குகையோடு திரும்பினால் ஒன்றும் குறைந்துவிடாது.

கன்ஹேரியை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. போரிவலி பூங்கா வாசலிலிருந்து உள்ளே ஆறேழு கிலோமீட்டர், அப்புறம் பாறைப் படிகள். ரெண்டு குகைத் தலமும் ஒரே பயணத்தில் இந்த வயதுக்கு அதிகம்.

வடாலா_வடை

மாட்டுங்கா பத்திச் சொல்றேன். இறங்க வேண்டியது சென்ட்ரல் லைன் மாட்டுங்கா, கிழக்குப் பக்கம். முழுக்கப் பெண்களே நடத்துற ஸ்டேஷன், 2017லிருந்து. வெளியே வந்ததுமே மார்க்கெட் கட்டட மாடியில ராம நாயக் உடுப்பி, 1942லிருந்து இருக்கு. வாழை இலைச் சாப்பாடு அங்கே. டிபன்னா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸ், 1940. ரசவடை கேளுங்க. ஞாயித்துக்கிழமை காலையில போனா வாசல்ல பேர் எழுதிட்டு நிக்கணும். அந்தப் பக்கம் திங்கள் விடுமுறை விடற பழைய கடைகள் உண்டு, போறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க. நீங்க செவ்வாய் போட்டிருக்கீங்க, அதை மாத்தாதீங்க. ஆஸ்திக சமாஜம் தெருவுல மல்லிப்பூ, வாழை இலை, ஃபில்டர் காப்பிப் பொடின்னு எல்லாம் கிடைக்கும்.

ஆனா மும்பைக்கு வந்து அஞ்சு நாளும் இட்லி சாப்பிடாதீங்கண்ணா. வடாபாவ் ரயில்வே ஸ்டேஷன் வாசல்லயே நல்லா இருக்கும். சூடா எண்ணெயிலிருந்து எடுக்கறப்ப வாங்குங்க, அடுக்கி வெச்சதை வாங்காதீங்க. பையனுக்கா இருந்தா காய்ஞ்ச பூண்டுச் சட்னி வேணாம்னு சொல்லிடுங்க, "சூகா சட்னி நஹி". பழைய இரானி கடையில பன் மஸ்கா, சாயா: மரைன் லைன்ஸ் பக்கம் கயானி, 1904லிருந்து. பன்னை டீயில தோய்ச்சுத்தான் சாப்பிடணும்.

ஜூலை_டிக்கெட்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே பயணத்தை ஜூலையில் செய்தால்?

அலைக்கணக்கு

எலிஃபண்டாவை நம்பிப் பிளான் போடாதீர்கள், மழைக்காலத்தில் கடல் பார்த்துப் படகை நிறுத்துவார்கள்.

ஊர் ஏன் முழுகுகிறது என்பது தெரிந்தால் எப்போது வெளியே போகலாம் என்பதும் தெரியும். இது ஏழு தீவுகளை இடையில் மண் நிரப்பி ஒட்டிய ஊர். நிரப்பிய இடமெல்லாம் இன்றும் பள்ளம். பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்குக் கட்டியவை, பிறகு 50 ஆக உயர்த்தும் வேலை நடந்தது. வடிகால் வாய்கள் கடலில் திறக்கின்றன. கடல் ஏறியிருக்கும்போது அந்த வாயைத் திறந்து வைத்தால் கடல் உள்ளே வரும், மூடினால் மழைநீர் வெளியே போகாது, பம்ப் வைத்துத்தான் இறைக்க வேண்டும். ஆகவே கனமழை மட்டும் என்றால் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். கனமழையும் ஹை டைடும் ஒரே நேரத்தில் என்றால் அன்று வெளியே கிளம்பாதீர்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது.

தண்ணீர் முதலில் நிற்கும் இடங்கள்: பரேல் ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள், அந்தேரி சப்வே, மிலன் சப்வே. ரயிலில் முதலில் நிற்பது சென்ட்ரலில் சயான்-குர்லா, ஹார்பரில் சுனாபட்டி பக்கம். வண்டி நடுவழியில் நின்றால் தண்டவாளத்தில் குதித்து நடக்காதீர்கள். ரோட்டில் முழங்கால் தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள். சாக்கடை மூடி திறந்திருந்தால் மேலிருந்து தெரியாது. ஸ்டேஷனிலோ கடையிலோ நாலு மணி நேரம் உட்காருவது நஷ்டமில்லை. திரும்பும் விமானம் என்றால் வழக்கத்தை விட மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்பதையும் பாருங்கள்: நவி மும்பை விமான நிலையம் 2025 டிசம்பர் 25 முதல் இயங்குகிறது. இருக்கும் இடம் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், பன்வேல் அருகே.

கோவை_பயணி

எல்லோருக்கும் நன்றி. மாற்றிய பிளான்: வெள்ளி எலிஃபண்டா, திரும்பி கேட்வே பக்கம் அருங்காட்சியகம். சனி டைட் பார்த்து ஹாஜி அலி, சாயங்காலம் ஜூஹூவுக்குப் பதில் மெரின் டிரைவ். ஞாயிறு காலை கோட்டை நடை, மதியம் ஓய்வு. திங்கள் மெட்ரோவில் சித்திவிநாயகர், டப்பாவாலாவுக்கு சர்ச்கேட். செவ்வாய் மாட்டுங்கா, ரயில். ரூம் சி.எஸ்.எம்.டி. பக்கமே பார்க்கிறோம். பைகுல்லா மிருகக்காட்சி சாலையைப் பையன் கேட்கிறான், எங்கே செருகலாம்? கடைசி நாள் எல்.டி.டி.க்கு லோக்கலில் போகலாமா?

ஸ்லோ_லோக்கல்

மிருகக்காட்சி சாலைக்குப் புதன்தான் விடுமுறை, உங்களுக்கு அது இடிக்காது. திங்கள் மதியம் சென்ட்ரல் லைனில் பைகுல்லா போய்விட்டு மூன்றரைக்குள் திரும்பிவிடுங்கள்.

எல்.டி.டி.க்கு லோக்கலில் போவது கையில் ஒரு பை மட்டும் என்றால் சரி. சி.எஸ்.எம்.டி. ஹார்பர் பிளாட்பாரத்தில் பன்வேல், பேலாப்பூர், வாஷி என்று போட்ட வண்டியில் மட்டும் ஏறி திலக் நகரில் இறங்குங்கள். கோரேகாவ், அந்தேரி, பாந்த்ரா என்று போட்டிருந்தால் அது வடாலாவில் திரும்பிவிடும், திலக் நகர் வராது. ரெண்டும் ஒரே பிளாட்பாரத்துக்கு வரலாம், அதனால் போர்டைப் பார்க்காமல் ஏறாதீர்கள்.

ஹார்பர்_லைன்

ஆறு பேர், அஞ்சு நாள் துணி, ரெண்டு பெரியவங்க, ராத்திரி வண்டி. சாயங்கால ஹார்பர்ல அது வேண்டாம். மாட்டுங்கா சாப்பாட்டை மதியமே முடிச்சுட்டு, ரூமிலிருந்து பெட்டியெல்லாம் ஏத்தி நாலரைக்குள்ள பெரிய வண்டியில கிளம்பிடுங்க. அஞ்சரைக்கு மேல கிளம்பினா சயான் தாண்டறதுக்குள்ள பையன் தூங்கிடுவான்.